புறவழி ஓட்டமும் செயல்திறனும்: வேதிக் கலன் முதல் உயிரணு வரை

ஒரு பொருள் ஒரு கட்டத்தைக் கடந்துதான் அடுத்த கட்டத்துக்குப் போகவேண்டும் என்று அமைந்திருக்கையில், அதில் ஒரு பகுதி அந்தக் கட்டத்தைத் தொடாமலே அப்பால் போய்விடுவது புறவழி ஓட்டம். தொழிற்சாலையில் இதை பைபாஸ் என்றே சொல்கிறார்கள். கலனின் வடிவக் கோளாறால் அது தானாக நேர்வதுண்டு. குழாயும் வால்வும் வைத்து வேண்டுமென்றே அமைப்பதும் உண்டு. உயிருடம்பில் நோயின் விளைவாகவும் வரும், பரிணாமத்தின் கொடையாகவும் இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கேள்வி உண்டு: தவிர்க்கப்படும் கட்டம் அந்தப் பொருளுக்கு என்ன செய்கிறது? வேண்டிய மாற்றம் அங்கேதான் நடக்கிறது என்றால் புறவழி இழப்பு. அங்கே பொருளோ ஆற்றலோ வீணாகிறது என்றால் புறவழி லாபம். செயல்திறன் பற்றிய கணக்கு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வருகிறது.

முதலில் இழப்பின் கணக்கு. ஒரு குழாய் வடிவ வினைகலனில் முதல்படி வினை ஒன்று நடக்கிறது. உள்ளே போகும் மூலப்பொருளில் 99 சதவீதம் விளைபொருளாக மாறும்படி கலன் அளவிடப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அதில் 5 சதவீத ஓட்டம் மட்டும் வினையூக்கியைத் தொடாமல் நேராக வெளியேறுகிறது. மீதி 95 சதவீதம் கலனில் சற்றுக் கூடுதல் நேரம் தங்குவதால் அதன் மாற்றம் சிறிது கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வெளியேறும் ஓட்டத்தில் மாறாத மூலப்பொருள் 1 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 5.7 சதவீதமாக உயர்ந்துவிடுகிறது. அதாவது 5 சதவீத ஒழுக்கு, மாசின் அளவைக் கிட்டத்தட்ட ஆறு மடங்காக்கிவிட்டது.

இதைவிட முக்கியமான செய்தி அடுத்த படியில் இருக்கிறது. இழப்பை ஈடுகட்ட நினைத்து ஆலை நிர்வாகம் கலனின் கொள்ளளவை இரட்டிப்பாக்கினால், மாறாத பொருள் 5.7இலிருந்து 5 சதவீதத்துக்குத்தான் இறங்கும். இன்னும் பத்து மடங்கு பெரிதாக்கினாலும் 5க்குக் கீழே போகாது. புறவழியில் எவ்வளவு போகிறதோ அதுவே அந்த ஆலையின் உச்சவரம்பைத் தீர்மானிக்கிறது. முதன்மைப் பாதையில் கூட்டும் வினையூக்கி, வெப்பம், அழுத்தம் எதுவும் அந்தப் பாதைக்கு வராத பொருளைத் தொடுவதில்லை. ஆலைகளில் பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: ஒழுக்கைத் தேடி அடைப்பதற்குப் பதிலாகக் கலனைப் பெரிதாக்குகிறார்கள்.

ஒழுக்கைத் தேடுவதற்கு முறையான வழியைக் கொடுத்தவர் பிரிட்டிஷ் வேதிப் பொறியாளர் பீட்டர் டாங்க்வெர்ட்ஸ். தொடர் ஓட்டக் கலன்களில் ஒவ்வொரு துளியும் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை ஒரு பரவலாக வரைந்து காட்டும் முறையை 1953இல் அவர் வகுத்தார். கலனின் நுழைவாயில் நீரில் ஒரு சுவடுப்பொருளை ஒரே முறை ஊற்றி, வெளிவாயில் நீரில் அது எப்போது, எவ்வளவு வருகிறது என்று அளப்பதே செய்முறை. ஓட்டம் ஒழுங்காக இருந்தால் சராசரித் தங்கு நேரத்தை ஒட்டி ஒரே மேடு தெரியும். ஊற்றிய சிறிது நேரத்திலேயே கூர்மையான ஒரு முனை எழுந்தால் அது புறவழி. நெடுநேரம் கழித்தும் வால் போல நீண்டுகொண்டே இருந்தால் கலனின் மூலைகளில் நீர் தேங்கிக் கிடக்கிறது என்று பொருள். இந்த இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். ஒரு பகுதி தேங்கிக் கிடந்தால் ஓட்டத்துக்குக் கிடைக்கும் இடம் சுருங்கி மற்றப் பகுதி விரைந்து ஓடத்தான் செய்யும்.

குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் குளோரின் தொட்டி இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. குளோரின் கிருமியைக் கொல்ல நேரம் வேண்டும். குளோரின் செறிவையும் தொடர்பு நேரத்தையும் பெருக்கி வரும் எண்ணைக் கொண்டுதான் கிருமிநீக்கம் கணக்கிடப்படுகிறது. தொட்டியின் கொள்ளளவை ஓட்ட வீதத்தால் வகுத்தால் 60 நிமிடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் நுழைகுழாய் ஒரு சுவரிலும் வெளிக்குழாய் நேர் எதிர்ச் சுவரிலும் இருந்து, நடுவில் தடுப்பு எதுவும் இல்லையென்றால், நீரில் ஒரு பகுதி தொட்டியைக் குறுக்கே பாய்ந்து சில நிமிடங்களில் வெளியேறிவிடும். மூலைகளில் உள்ள நீர் சுழன்றுகொண்டே கிடக்கும். அதனால் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டி சராசரி நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஊற்றிய சுவடுப்பொருளில் முதல் 10 சதவீதம் வெளிவர ஆகும் நேரத்தையே எடுக்கிறது. தடுப்பில்லாத தொட்டிக்கு அது கொடுக்கும் காரணி 0.1, தடுப்புச் சுவர்கள் நன்கு அமைந்த தொட்டிக்கு 0.7. மேற்சொன்ன தொட்டியில் கணக்கில் வரும் நேரம் முதல் நிலையில் 6 நிமிடம், இரண்டாவதில் 42 நிமிடம். கான்கிரீட்டின் அளவு அதே, குளோரின் அதே. நீரைப் பாம்புபோல வளைந்து போகவைக்கும் சில குறுக்குச் சுவர்கள் ஏழு மடங்கு வேறுபாட்டைத் தந்துவிடுகின்றன.

கிருமிநீக்கத்தில் புறவழியின் தண்டனை வேறெந்த வினையிலும் இருப்பதைவிடக் கடுமையானது. 100இல் 99 கிருமியைக் கொன்றால் போதாது, 99.9, 99.99 சதவீதம் என்றே தேவை அமைகிறது. நீரில் 1 சதவீதம் மட்டும் தொடர்பில்லாமல் கடந்தாலும், குளோரினை எவ்வளவு கூட்டினாலும் 99 சதவீதத்தைத் தாண்ட முடியாது. புறஊதா விளக்குக் கலனுக்கும் சவ்வு வடிகட்டிக்கும் இதே விதிதான்.

ஓட்டம் வழி தவறும் இடங்கள் பலவகை. உருண்டை வடிவ வினையூக்கியை நிரப்பிய குழாயில், உருண்டைகள் சுவரை ஒட்டி நெருக்கமாக அடங்க முடியாததால் அங்கே இடைவெளி கூடுதலாக இருக்கும். வாயு எதிர்ப்புக் குறைந்த அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும். குழாயின் விட்டம் உருண்டையின் விட்டத்தைப்போல் பத்து மடங்காவது இருக்கவேண்டும் என்ற நடைமுறை விதி இதனால் வந்ததே. தமிழ்நாட்டு வீடுகளின் காபி பில்டரும் இப்படியொரு படுகைதான். தூளைச் சமமாக அழுத்தாமல் விட்டால் வெந்நீர் ஓரத்திலோ ஒரு வெடிப்பிலோ வழி கண்டு இறங்கிவிடும். டிகாஷன் சீக்கிரம் இறங்கும், ஆனால் நீர்த்திருக்கும். நடுத்தூளின் சாரம் தூளிலேயே நின்றுவிடும். வெப்பப் பரிமாற்றிகளில் குழாய்க் கட்டுக்கும் வெளி உறைக்கும் இடையே உள்ள சந்து வழியாகத் திரவம் நழுவுவதைத் தடுக்க அடைப்புப் பட்டைகள் பொருத்துகிறார்கள்.

பாய்மப் படுகையில் புறவழிக்கு உருவமே உண்டு. அதுதான் குமிழி. நுண்ணிய வினையூக்கித் தூளைக் கீழிருந்து வரும் வாயு தூக்கிக் கொதிக்கும் திரவம்போல் ஆக்குகிறது. அதில் எழும் பெருங்குமிழிகளுக்குள் தூள் ஏறக்குறைய இல்லை; குமிழிக்குள் ஏறும் வாயு வினையூக்கியைத் தொடாமலே மேலே போய்விடுகிறது. சிறிய சோதனைக் கலனில் குமிழிகள் சிறிதாகவே இருப்பதால் குறை தெரிவதில்லை. கலன் அகலமும் உயரமும் கூடும்போது குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி வேகமெடுக்கின்றன. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிரவுன்ஸ்வில் நகரில் இயற்கை வாயுவிலிருந்து பெட்ரோல் எடுக்க 1950 வாக்கில் இயங்கத் தொடங்கிய ஹைட்ரோகால் ஆலை இந்தப் பாடத்தை மிகுந்த செலவில் கற்றது. சோதனைக் கலன் தந்த மாற்ற வீதம் பெரிய கலனில் கிடைக்கவில்லை. அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே ஆலை மூடப்பட்டது. பாய்மப் படுகைகளை அளவில் பெருக்கும்போது எச்சரிக்கையாகச் சொல்லப்படும் முதல் எடுத்துக்காட்டு இன்றும் அதுதான்.

உயிருடம்பில் இதே கணக்கு நுரையீரலில் நடக்கிறது. சிரை ரத்தம் காற்று நுண்ணறைகளின் ஓரமாகப் போய் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு திரும்பவேண்டும். நிமோனியாவில் நுண்ணறைகள் நீரால் நிரம்பிவிட்டால், அவற்றைச் சுற்றியோடும் ரத்தம் காற்றைக் காணாமலே தமனிக்குள் சேர்ந்துவிடுகிறது. நல்ல பகுதியைக் கடந்த 100 மில்லி ரத்தத்தில் 20 மில்லி ஆக்சிஜனும், சிரை ரத்தத்தில் 15 மில்லியும் இருப்பதாகக் கொண்டால், 30 சதவீதப் புறவழியில் தமனி ரத்தம் 18.5 மில்லிக்கு இறங்குகிறது. இங்கே மருத்துவர் சந்திக்கும் சிக்கல் வினைகலனை இரட்டிப்பாக்கிய பொறியாளரின் சிக்கலேதான். நோயாளிக்குத் தூய ஆக்சிஜன் கொடுத்தாலும், நல்ல பகுதியைக் கடக்கும் ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஏற்கெனவே ஏறத்தாழ நிறைந்திருப்பதால் அது மேற்கொண்டு அதிகம் ஏற்றிக்கொள்ள முடியாது. புறவழியில் போகும் ரத்தத்துக்கோ அந்த ஆக்சிஜன் எட்டுவதே இல்லை. தூய ஆக்சிஜன் கொடுத்தும் அளவு ஏறாததைக் கொண்டே இந்தப் புறவழி இருப்பதை மருத்துவர்கள் கண்டுகொள்கிறார்கள். ஆகவே சிகிச்சை, பாதையைச் சீர்செய்வதில் இருக்கவேண்டும்: மூச்சுக் கருவியின் அழுத்தத்தால் மூடிய நுண்ணறைகளைத் திறப்பது, கொரோனா காலத்தில் பலரும் கேள்விப்பட்டதுபோல நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பது. உடலும் சும்மா இருப்பதில்லை. ஆக்சிஜன் குறைந்த நுண்ணறைக்குப் போகும் ரத்தக்குழாய் தானாகவே சுருங்கி, ரத்தத்தை நல்ல பகுதிக்குத் திருப்புகிறது. ஸ்வீடனில் ஆய்லரும் லில்ஜெஸ்ட்ராண்டும் இதை 1946இல் காட்டினார்கள்.

அதே நுரையீரலைச் சுற்றிப் போகும் ஒரு குழாய் கருவில் உயிர்காப்பானாக இருக்கிறது. கருவின் நுரையீரலில் காற்று இல்லை, திரவம்தான். ஆக்சிஜன் நஞ்சுக்கொடியிலிருந்து வருகிறது. அங்கே ரத்தத்தை முழுவதும் நுரையீரல் வழி செலுத்துவது வீண் உழைப்பு. எனவே இதயத்தின் மேலறைகளுக்கிடையே உள்ள துளையும், நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் நாளமும் பெரும்பங்கு ரத்தத்தைப் புறவழியில் அனுப்பிவிடுகின்றன. பிறந்து முதல் மூச்சு எடுத்த சில நாட்களில் அந்த நாளம் மூடவேண்டும். மூடாவிட்டால் ரத்தம் எதிர்த்திசையில் ஓடி, ஏற்கெனவே ஆக்சிஜன் ஏற்றிய ரத்தமே மறுபடி நுரையீரலுக்குப் போய் இதயத்துக்குச் சுமையாகிறது. குழாய் ஒன்றே, தவிர்க்கப்படும் உறுப்பின் வேலை பிறந்தவுடன் மாறிவிடுவதால் அதன் மதிப்பும் தலைகீழாகிவிடுகிறது.

வேண்டுமென்றே வைக்கும் புறவழிகள் இதிலிருந்து புரியும். ஆரஞ்சுச் சாற்றை ஆவியாக்கியில் சுண்டவைத்தால் நீரோடு மணமும் போய்விடும். ஆகவே தேவைக்கு மேலாகவே சாற்றைச் சுண்டவைத்து, ஆவியாக்கிக்குப் போகாத புதுச்சாற்றை அதில் கலக்கிறார்கள். 12 சதவீதத் திடப்பொருள் கொண்ட சாற்றின் பெரும்பகுதியை 58 சதவீதத்துக்குச் சுண்டவைத்து, இறுதியில் 42 சதவீதச் செறிவு வேண்டுமென்றால், 100 கிலோ சாற்றில் சுமார் 10 கிலோவைப் புறவழியில் விடவேண்டும். அந்த 10 கிலோதான் மணத்தைக் கொண்டுவருகிறது.

வீட்டு ஆர்ஓ கருவியில் கரைந்த உப்பின் அளவை (டிடிஎஸ்) மாற்றும் திருகும் இதே வகைதான். சவ்வு உப்பை மிகுதியாக நீக்கிவிடுவதால், சவ்வைக் கடக்காத நீரில் ஒரு பங்கை அது கலந்துவிடுகிறது. டிடிஎஸ் 800 உள்ள கிணற்று நீரைச் சவ்வு 40க்குக் குறைக்கிறது, குடிக்க 150 வேண்டும் என்றால், ஏறத்தாழ 7இல் 1 பங்கு நீர் சவ்வைத் தொடாமல் வரவேண்டும். சுவையைக் கொடுக்கும் கால்சியமும் மக்னீசியமும் வரும் அதே விகிதத்தில், அந்த நீரில் புளோரைடோ நைட்ரேட்டோ இருந்தால் அவையும் வரும். தர்மபுரி போன்ற புளோரைடு மிகுந்த பகுதிகளில் நாவின் சுவையை மட்டும் வைத்து அந்தத் திருகைத் திருப்புவது ஆபத்தானது. நீரைச் சோதித்த பின்பே திருப்பவேண்டும்.

கால்நடைத் தீவனக் கடைகளில் விற்கும் ‘பைபாஸ் புரதம்’, ‘பைபாஸ் கொழுப்பு’ ஆகியவற்றின் அடிப்படையும் மாட்டின் வயிற்றுக்குள் ஒரு கட்டத்தைத் தாண்டவைப்பதுதான். மாட்டின் முதல் அறையான அசையூண் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலைச் செரித்துக்கொடுக்கின்றன. ஆனால் அவை தீவனத்தின் நல்ல புரதத்தையும் அம்மோனியாவாக உடைத்துவிடுகின்றன. ஒரு பங்கைத் தம் உடலாகக் கட்டிக்கொள்கின்றன. மிஞ்சியது ரத்தத்தில் ஏறி யூரியாவாகச் சிறுநீரில் போகிறது. கடலைப் பிண்ணாக்கு இப்படி விரைவில் உடைபடுவது. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் தேங்காய்ப் பிண்ணாக்கும் இயல்பாகவே கூடுதலாகத் தப்பிச் செல்வன. ஆஸ்திரேலியாவில் பெர்கூசனும் அவருடைய சகாக்களும் 1967இல் பார்மால்டிஹைடு கொண்டு பக்குவப்படுத்திய கேசினை ஆடுகளுக்குக் கொடுத்தபோது கம்பளி வளர்ச்சி கூடியது. பக்குவப்படுத்திய புரதம் முதல் அறையில் உடையாமல் நின்று, நான்காம் அறையின் அமிலத்தில் கட்டவிழ்ந்து, சிறுகுடலில் அமினோ அமிலமாகச் சேர்ந்தது. குஜராத்தின் ஆனந்தில் உள்ள தேசியப் பால்வள வாரியம் இந்த முறையை இந்தியப் பிண்ணாக்குகளுக்கு ஏற்றவாறு பரப்பியது. கொழுப்பில் இதே வேலையைக் கால்சியம் செய்கிறது. கொழுப்பமிலங்களின் கால்சிய உப்பு முதல் அறையின் மிதமான அமிலத்தன்மையில் கரையாது. நான்காம் அறையின் கடும் அமிலத்தில் பிரிந்துவிடும். நார்ச்சத்தின்மேல் எண்ணெய் படிந்து நுண்ணுயிர்களின் வேலையைக் கெடுப்பதும் இதனால் தவிர்க்கப்படுகிறது. இயற்கை இந்த வழியை முன்பே வைத்திருக்கிறது: கன்று பால் குடிக்கும்போது உணவுக்குழாயின் முடிவில் உள்ள ஒரு மடிப்பு சுருங்கிக் குழாய்போல் ஆகி, பாலை முதல் அறைக்குள் விழவிடாமல் நேராக நான்காம் அறைக்கு அனுப்புகிறது.

இங்கே ஒரு எல்லையை அழுத்திச் சொல்லவேண்டும். நுண்ணுயிர்கள் கட்டும் புரதமே குறைவாகக் கறக்கும் மாட்டுக்குப் பெரும்பாலும் போதும். அந்த மாட்டுக்கு விலை கூடிய பைபாஸ் தீவனம் வாங்கிப் போடுவது விவசாயிக்கு நட்டம். கன்று ஈன்ற புதிதில் அதிகம் கறக்கும் மாட்டுக்குத்தான் அது பலன் தரும். அங்கும் புரதம் முழுவதையும் தப்பவிட்டால் நுண்ணுயிர்கள் நைட்ரஜன் இல்லாமல் வாடி, வைக்கோல் செரிப்பது குறைந்துவிடும்.

நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையும் ஒரு புறவழியே. விழுங்கினால் குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போய், மருந்தின் பெரும்பகுதி அங்கேயே சிதைந்துவிடும். நாக்கடிச் சிரைகள் கல்லீரலைத் தொடாமல் நேராக இதயத்துக்குச் செல்கின்றன. சில நிமிடங்களில் வலி தணிகிறது.

உயிரணுவுக்குள் புறவழி ஓடுவது குழாயில் அல்ல, நொதிகளின் வரிசையில். ஆமணக்கு விதை இதை அழகாகக் காட்டுகிறது. அதன் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய். ஆனால் மண்ணுக்குள் முளைவிடும் நாற்றுக்கு வேண்டியது சர்க்கரை. எண்ணெய் செடியின் உடலுக்குள் பயணம் செய்யாது. கொழுப்பு உடைந்தால் இரண்டு கார்பன் கொண்ட அசிட்டைல் அலகுகள் கிடைக்கும். அவை வழக்கமான கிரெப்ஸ் சுழற்சிக்குள் போனால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கார்பன் கரியமில வாயுவாக வெளியேறிவிடும். சர்க்கரை கட்ட மிச்சம் எதுவும் இராது. விலங்குகளால் கொழுப்பிலிருந்து சர்க்கரையை நிகர அளவில் ஆக்க முடியாததற்கு இதுவே காரணம். ஆமணக்கோ இரண்டு கூடுதல் நொதிகளை வைத்திருக்கிறது. ஒன்று ஐசோசிட்ரேட்டைப் பிளக்கிறது. மற்றொன்று பிளந்து வந்த கிளையாக்சிலேட்டோடு இன்னொரு அசிட்டைல் அலகைச் சேர்க்கிறது. கார்பனை இழக்கும் இரண்டு படிகளும் தாண்டப்பட்டுவிடுகின்றன. கார்ன்பெர்க்கும் கிரெப்ஸும் இந்த வழியை 1957இல் நுண்ணுயிர்களில் கண்டார்கள். அதே ஆண்டில் கார்ன்பெர்க்கும் ஹாரி பீவர்ஸும் ஆமணக்கில் அதை உறுதிசெய்தார்கள். முளைக்கும் ஆமணக்கில் சில நாட்களில் எண்ணெய் கரைந்து சுக்ரோஸாக நாற்றுக்கு ஏறுவது இந்தப் புறவழியின் வேலை. காசநோய்க் கிருமியும் உடலுக்குள் நெடுங்காலம் பதுங்கியிருக்கக் கொழுப்பை உண்டு, ஐசோசிட்ரேட்டைப் பிளக்கும் இதே நொதியை நம்புகிறது. அதனால் அந்த நொதி மருந்துத் தேடலில் ஓர் இலக்கு.

ஆற்றலை இழந்தும் பயன் பெறும் புறவழிகளும் உண்டு. சிவப்பணு சர்க்கரையை உடைக்கும்போது ஏடிபி கிடைக்கும் ஒரு படியைத் தாண்டி, ஒரு பங்கை 2,3 பிஸ்பாஸ்போகிளிசரேட் என்ற பொருளாக்குகிறது. அந்தப் பங்குக்குரிய ஏடிபி போய்விடுகிறது. அதற்கு ஈடாக, அந்தப் பொருள் ஹீமோகுளோபினோடு ஒட்டி, திசுக்களில் ஆக்சிஜனை எளிதில் விடுவிக்கச் செய்கிறது. தாமரையின் பொகுட்டில் நடப்பது இதைவிட வியப்பானது. மைட்டோகாண்டிரியாவின் சுவாசச் சங்கிலியில் ஒரு ஜோடி எலக்ட்ரான்கள் முழுவதும் கடந்தால் 10 புரோட்டான்கள் வெளியே தள்ளப்படும். ஏடிபி அதிலிருந்து உண்டாகிறது. தாவரங்களில் உள்ள மாற்று ஆக்சிடேஸ் என்ற நொதி கடைசி இரண்டு புரோட்டான் நிலையங்களையும் தாண்டி எலக்ட்ரானை ஆக்சிஜனுக்குக் கொடுத்துவிடுகிறது. அப்போது 4 புரோட்டான்களே மிஞ்சும். மீதி ஆற்றல் வெப்பமாகிறது. ஏடிபி கணக்கில் இது பெருநட்டம். ஆனால் அடிலெய்டு தாவரவியல் பூங்காவில் செய்த அளவீட்டில், வெளிக்காற்று 10 டிகிரிக்கு இறங்கிய இரவிலும் தாமரை மலர் 30 முதல் 36 டிகிரி வரை தன் வெப்பத்தை நிலையாக வைத்திருந்தது தெரியவந்தது. ரோஜர் சீமோரும் ஷூல்ட்சே-மோட்டலும் அதை 1996இல் வெளியிட்டார்கள். அந்தச் சூடு மணத்தைப் பரப்பி, மகரந்தம் சேர்க்கும் வண்டுகளுக்குக் கதகதப்பான இடம் தருகிறது என்பது அவர்கள் கருத்து. ஏடிபியை மட்டும் எண்ணினால் இதைத் திறமைக் குறைவு என்றே எழுதவேண்டியிருக்கும். எதை விளைபொருளாகக் கொள்வது என்று முடிவுசெய்யாமல் செயல்திறனை அளக்க முடியாது.

இந்தத் துறையில் இன்று மிகுந்த எதிர்பார்ப்போடு நடக்கும் முயற்சி, இயற்கை வைக்காத புறவழியைப் பயிருக்குள் வைப்பது. இலையில் கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி, ஏறத்தாழ ஐந்துக்கு ஒரு முறை தவறுதலாக ஆக்சிஜனைப் பிடித்துவிடுகிறது. வெயில் கூடக்கூடத் தவறும் கூடுகிறது. அதனால் உண்டாகும் கிளைக்கோலேட்டைச் சீர்செய்ய, பசுங்கணிகம், பெராக்சிசோம், மைட்டோகாண்டிரியா என மூன்று உறுப்புகளைச் சுற்றிவரும் நெடும்பாதை ஒன்று செடியில் இருக்கிறது. வழியில் நான்கில் ஒரு கார்பனும், நிறைய ஆற்றலும் போய்விடுகின்றன. 2007இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஈ.கோலை பாக்டீரியாவின் நொதிகளை அராபிடாப்சிஸ் செடியின் பசுங்கணிகத்துக்குள் வைத்து, கிளைக்கோலேட்டை அங்கேயே கையாளும் குறுக்குப்பாதையை உருவாக்கினார்கள். 2019இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் பால் சவுத்தும் சகாக்களும் இன்னொரு பாதையைப் புகையிலையில் வைத்து வயலில் நட்டார்கள். பழைய பாதைக்குக் கிளைக்கோலேட்டைக் கொண்டுசெல்லும் கடத்தியையும் அடக்கிவிட்ட செடிகள், சாதாரணச் செடிகளைவிட 40 சதவீதத்துக்கு மேல் கூடுதல் உயிர்நிறை தந்தன. புதுப்பாதையைத் திறந்தால் மட்டும் போதாது, பழைய பாதையையும் மூடவேண்டும் என்பது இந்தச் சோதனை தந்த படிப்பினை.

புகையிலை தழைக்காக வளர்க்கும் பயிர். நெல்லின் கதை வேறு. அதே 2019இல் சீன ஆய்வாளர்கள் நெல்லின் பசுங்கணிகத்தில் இத்தகைய புறவழி ஒன்றை வைத்தபோது ஒளிச்சேர்க்கையும் தழைப்பும் கூடின. தானிய விளைச்சலோ விதைத்த பருவத்தைப் பொறுத்து மாறியது. கதிரில் மணி பிடிப்பது எல்லாப் பருவத்திலும் ஈடுகொடுக்கவில்லை. இலையில் மிச்சமான கார்பன் மணிக்குப் போய்ச் சேரும்வரை, நெல்லைப் பொறுத்தமட்டில் இந்தப் புறவழியின் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.